மத்தியானப் பள்ளிக்கூடம்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ் ரோட்டை ஒட்டி எங்கள் கிராமம். முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் மூன்றாவது வரைதான் படித்தவன். ஆனால் சும்மா ஆள் இல்லை. காலனியில் பிறந்து, அடுத்தவன் சூளையில் சுடாத பச்சைக் கல் சுமந்து, முப்பது வயதுக்குள் சொந்தமாகச் செங்கல் சூளை போட்டவன். எங்கள் காலனியில் முதல் மெத்தை வீடு என்னுடையது, முதல் மோட்டார் சைக்கிளும் என்னுடையது. சுற்றுவட்டாரத்தில் யார் வீடு கட்டினாலும் என் கல்லைத் தேடித்தான் வருவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடம், ஐந்தாவது வரை. எங்கள் காலனியில் தனியாக ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அது ஓலைக் கொட்டகை, ஒரே வாத்தியார், மழை வந்தால் லீவு. ஆனால் எங்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாத்தியார் அவர் ஒருத்தர்தான். ஆறாவது படிக்க உத்திரமேரூர் போகவேண்டும். ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். எங்கள் பிள்ளைகள் ஐந்தோடு சரி.

ஊர்ப் பள்ளியை எட்டாவது வரை உயர்த்தித் தரச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். பிள்ளைகள் போதாது, கட்டடமும் இல்லை, ஊரே ஒன்றுகூடி ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளையும் அங்கே சேர்த்தால் கணக்கு தேறும். அப்போதுதான் ஊர்ப் பெரியவர் என் வீட்டுக்கு வந்தார். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலமெல்லாம் அவருடையது. எங்கள் ஜனத்தில் பாதிப்பேர் அவரிடம்தான் கூலி. என்னை "இன்னாடா" என்று கூப்பிட்டுப் பழகின மனுஷர், அன்றைக்கு "இன்னாங்க, சௌக்கியமா?" என்றார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வேண்டாம், கோலி சோடா இருந்தால் போதும் என்றார். எங்கள் வீட்டுத் தண்ணி படாத சோடா என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் என் நாற்காலியில் உட்கார்ந்ததே எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது.

"ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஸ்கூல் கமிட்டில உங்களுக்கும் ஒரு சேர். உங்க ஜனங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

சொன்னேன். அந்த ஓலைக் கொட்டகையிலேயே ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருத்தி தவிர. எனக்குத் தங்கை முறை. புருஷன் இல்லாதவள், பெரியவர் நிலத்தில் நடவுக்குப் போகிறவள். ஒரே பெண், நாலாவது படித்துக்கொண்டிருந்தது.

"ஏண்ணா, அங்க எம்பொண்ணு படிக்கப் போவுதா, பெருக்கப் போவுதா?"

"இன்னா பேசற நீ? கமிட்டில நான் கீறேன். எவன் பெருக்கச் சொல்லுவான்?"

"நீ கமிட்டில கீற. அது கிளாஸ்ல இல்ல குந்தப் போவுது?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "நீ போயி ஒழுங்கா நாத்து நடு. ஸ்கூல நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கட்டடத்துக்குக் கல் முழுக்க என் சூளையிலிருந்து போனது, சும்மாவே கொடுத்தேன். மண் சுமந்தது எங்கள் ஜனம். பிள்ளைகள் எல்லாம் மாறிப் போனதும் மிஷன்காரர்கள் காலனிப் பள்ளியை மூடி, வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கொட்டகையின் மூங்கிலையும் ஓலையையும் ஆளுக்குக் கொஞ்சமாக அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனோம். எட்டாவது வரைக்கும் ஆர்டர் வந்த அன்று எனக்கும் மாலை போட்டார்கள்.

சில மாதம் நன்றாகத்தான் போயிற்று. சொன்னபடி ஒரே பெஞ்சுதான். அப்புறம் திடீரென்று, இடம் பத்தவில்லை, வாத்தியார் பத்தவில்லை, இனிமேல் இரண்டு ஷிப்ட் என்றார்கள். காலையில் ஊர்ப் பிள்ளைகள், மத்தியானம் காலனிப் பிள்ளைகள். இதை முடிவு செய்த கமிட்டிக் கூட்டம் பெரியவர் வீட்டுக் கூடத்தில் நடந்திருக்கிறது. எனக்குத் தகவலே இல்லை.

நேராகப் போய்க் கேட்டேன். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"காலையில மாடு மேய்க்கும், ஆத்தாளுக்கு ஒத்தாசையா இருக்கும். உங்க நன்மைக்குத்தான்பா" என்றார். "ங்க" போய் "பா" வந்துவிட்டது.

மத்தியானம் எங்கள் பிள்ளைகள் உள்ளே போனால் முதல் வேலை, காலை ஷிப்ட் போட்டுவிட்டுப் போன காகிதத்தையும் வேர்க்கடலைத் தோலையும் பெருக்குவது. அது முடிந்து சிலேட்டை எடுப்பதற்குள் மூணு மணி காஞ்சிபுரம் பஸ் வந்துவிடும், வாத்தியார் ஏறிவிடுவார். அதை விட்டால் அவருக்கு இருட்டினப்புறம்தான் பஸ். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றன.

அப்புறம் ஒருநாள் காலை, பெரியவரின் ஆள் காலனிக்குள் ஓடிவந்து, "மூஞ்ச கழுவிக்கினு எல்லாம் கெளம்பு, இன்னிக்கு காலையிலயே ஸ்கூலு" என்று விரட்டினான். காஞ்சிபுரத்திலிருந்து கல்வி அதிகாரி வருகிறார். மாடு மேய்க்கிற இடத்திலிருந்தும், என் சூளையிலிருந்தும்கூட, பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஊர்ப் பிள்ளைகள் நடுவில் கலந்து உட்காரவைத்தார்கள். நான் விடுவேனா? மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

அதிகாரி நல்ல மனுஷர். நான் வகுப்புக்குள் நுழைந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஹெட்மாஸ்டர், "அப்படியெல்லாம் இல்லீங்க சார்" என்று முழுங்கினார். "பெத்தவங்க யாரையாவது கூப்பிடுங்க, கேட்டுடலாம்" என்றார் அதிகாரி. பக்கத்துக் கழனியில் நடவு நடந்துகொண்டிருந்தது. அந்தத் தங்கச்சியைத்தான் கூட்டிவந்தார்கள். முழங்கால் வரை சேறு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தனை பேர் நடுவில் என்னையே கேள்வி கேட்டவள், இவர்களை விடுவாளா?

"உன் பொண்ணு எப்பம்மா பள்ளிக்கூடம் வருது?"

ஹெட்மாஸ்டர் பக்கத்தில் நின்ற பெரியவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

"காலையில வருது சாமி. எல்லாம் ஒண்ணாத்தான் குந்துது. ஒரு கொறையும் இல்ல."

பெஞ்சில் இருந்த அவள் பெண் வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். "சூளைக்காரருக்கு நெருப்புக்கிட்டயே நின்னு நின்னு மண்ட காஞ்சிபோச்சி சார்" என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள், வாத்தியார்கள்கூட.

வெளியே வந்ததும் வரப்பில் அவளை மறித்தேன். "ஏன் பொய் சொன்னே? உம்பொண்ணுக்காகத்தானே நான் பேசினேன்?" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"உனுக்கு சூளை கீதுண்ணா. எனுக்கு அவரு கழனிதான் கீது. போன தடவ நீ பேசினே, கேட்டோம், எங்க ஸ்கூலு போச்சி. இந்தத் தடவயும் கேட்டா கூலியும் பூடும். எங்களுக்கோசரம் நீ இனிமே பேசாத."

சேற்றில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நடவைத் தொடர்ந்தாள்.

மிஷன் ஆபீஸுக்குப் பலமுறை அலைந்தேன். மூடினது மூடினதுதான் என்றுவிட்டார்கள். அடுத்த பருவத்தில் தங்கச்சியின் பெண் கல் சுமக்க வந்தது, என் சூளைக்கே. வேண்டாம் என்றால் வேறு சூளைக்குப் போகும். சேர்த்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாம் காலையிலேயே போகிறார்கள், காலம் மாறிவிட்டது. ஆனால் அந்த மத்தியானத்தில் நின்றுபோன பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பிப் படிக்கவில்லை. ஊர் ஒற்றுமையில் உருவான பள்ளிக்கூடம் என்று மேடையில் பேச வருஷா வருஷம் என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் போவதில்லை. ஊரே சேர்ந்து செய்தோம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: சேரும்போது அவர்கள் வார்த்தையைக் கொடுத்தார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தையே கொடுத்தோம், வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது, எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு கொட்டகைகூட மிச்சமில்லை.