பல்லக்காவின் கடல் விதைகள்

செயற்கைப் பற்களுக்கு மெருகேற்றுவதுதான் பல்லக்காவின் வேலை. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்ப, அவள் வேலை பார்க்கும் கூடத்தில் பல் செட் செய்வார்கள். கடைசியாக அது அவள் மேசைக்கு வரும். பின்பக்க அறையில் ஒரு ஜன்னல், ஒரு மோட்டார், அதன் நுனியில் சுழலும் துணிச் சக்கரம், கிண்ணத்தில் குழைத்த மெருகுத்தூள். கண்ணுக்குப் பளபளத்தால் அவளுக்குப் போதாது. நகத்தை வைத்துக் கீறினால் நகம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாய் பொல்லாதது என்று எல்லாரும் பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்கு அதுதான் பிழைப்பே. மணலளவு சொரசொரப்பு இருந்தாலும் வாய் அதைப் பாறாங்கல்லாக்கிவிடும்.

அந்த மோட்டாரில் ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், கடல் விதை ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். பலமாகக் காற்றடித்து ஓய்ந்த மறுநாள், நாத்தனாரோடு கரையில் நடந்தபோது கிடைத்தது. பாசிக்கும் அறுந்த செருப்புக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்தில், இதய வடிவில் ஒரு பழுப்பு விதை. ஏதோ ஓர் ஆற்றோரக் கொடியிலிருந்து விழுந்து, கடலில் மாதக்கணக்காக மிதந்து வந்ததாம். சக்கரம் பட்டதும் மங்கல் விலகி, உள்ளிருந்து செம்பழுப்பு நிறம் எழுந்து வந்தது. அவளுக்குக் கை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு காற்றடித்த மறுநாளெல்லாம் இருவரும் பையோடு கிளம்பிவிடுவார்கள். பொறுக்கி வந்த விதைகளை மெருகேற்றி, கொக்கி மாட்டிப் பதக்கமாக்கி, மாலை கோத்தாள் பல்லக்கா.

"எல்லாரும் கடற்கரைக்குக் காத்து வாங்கப் போவாங்க. எங்க வீட்டுலதான் ரெண்டு பேர் குப்பை பொறுக்கப் போறாங்க" என்பான் கணவன்.

"உனக்குப் பொறாமைண்ணே. நீ குனிஞ்சா தொப்பை இடிக்குது" என்பாள் நாத்தனார்.

நாத்தனாருக்கு விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. மேனேஜரை நச்சரித்து, மேசைக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டை, அண்ணியின் மாலைகளை விற்பதற்காக வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். "புகார்னு ஒண்ணு வந்தா அன்னைக்கே எடுத்துடணும்" என்று அவர் சொல்லியிருந்தார். மாலைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தட்டு நிலைத்துவிட்டால் கூடத்தில் அரை நாள் வேலைக்கு மாறிக்கொள்ளலாம், மீதி நாள் முழுக்க விதைகளோடு இருக்கலாம் என்று பல்லக்கா மனக்கோட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

"அண்ணி, கைவேலையை அப்படியே போட்டுட்டு வா. உன் மாலையில புழு வந்திருக்காம்."

"புழுவா? கல்லு மாதிரி இருக்குமேடி, எப்படி நுழையும்?"

"எங்கிட்டக் கேட்டா? மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

மேனேஜர் ஒரு காகிதக் கைக்குட்டையை, அது கடித்துவிடும் என்பதுபோல, கையை நீட்டிப் பிடித்திருந்தார். அதற்குள் பதக்கம். வாங்கிய பெண்மணி தினமும் அதைப் போட்டுக்கொண்டே நீச்சல் குளத்தில் இறங்கியிருக்கிறார். பிறகு ஈரத்துண்டோடு சுருட்டிப் பைக்குள் வைத்து மறந்துவிட்டார். திறந்து பார்த்தவர் போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டதாம். விதை உப்பி, ஓரம் வெடித்து, பிளவுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

பல்லக்கா அதை நகத்தால் தொட்டாள். அசையவில்லை.

"சார், இது புழு இல்ல. வேர்."

"நகை முளைக்குமாம்மா? விட்டா பூக்கும், காய்க்கும்னும் சொல்லுவீங்க போல."

"தண்ணியில ஊறப்போட்டது அவங்க தப்புதானே சார்" என்று நாத்தனார் பாய்ந்தாள்.

பல்லக்கா பிளவின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் எடுக்கும்போது ஓடு நகத்தைவிடத் தடிமனாக இருக்கும். இது வெங்காயச் சருகுபோல இருந்தது. நகம் வழுக்கும்வரை தேய்த்துத் தேய்த்து, கடலே நுழைய முடியாத ஓட்டை அவள் சக்கரம் தின்றுவிட்டிருந்தது. பல்லைத் தேய்த்தால் உள்ளேயும் பல்தான். இதற்குள் ஓர் உயிர் இருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"தப்பு என்னோடது சார். அளவுக்கு மீறித் தேச்சுட்டேன்" என்றாள். தட்டிலிருந்த மாலைகளைத் தானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாங்கிப் போனவர்கள் யாராவது கேட்டு வந்தால் வேறு செய்து தருவதாகவும் சொன்னாள்.

வெளியே வந்ததும் நாத்தனார் பொரிந்து தள்ளினாள். "நான் சமாளிச்சுட்டிருந்தேன்ல? நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா தட்டாவது மிஞ்சியிருக்கும்."

"மிஞ்சி என்ன பண்ண? நாளைக்கு மத்ததும் வரிசையா முளைக்கும்டி."

முளைத்த விதையைப் பழைய வாளியில் மண் போட்டு நட்டாள். "நல்லவேளை, பல் செட்டு முளைக்கல" என்றான் கணவன்.

அதன் பிறகு விதைகளை மோட்டார் பக்கமே கொண்டுபோகவில்லை. உப்புப் படிவை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டுக் கையாலேயே தேய்த்தாள். ஓடு தன் முழுத் தடிமனோடு, மங்கலான வரிகளோடு இருந்தது. சக்கரத்தில் ஒரே ஒரு தடவை காட்டலாமா என்று கை துறுதுறுத்தது. கொக்கி மாட்டத் துளைத்த இடத்தை, பல் செட்டுக்குப் பயன்படும் நிறமில்லாத பிசினால் அடைத்தாள். ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டே குளித்தாள், துணி துவைத்தாள், பாத்திரம் கழுவினாள். நாட்கள் போயும் விதை அசைந்து கொடுக்கவில்லை.

அந்த மாலையோடு மேனேஜரிடம் போய், இனி முளைக்காது என்றாள்.

"நீங்க சொன்னா நான் நம்பணுமா?" என்றார் அவர்.

பல்லக்கா சுற்றிலும் பார்த்தாள். மேசை ஓரத்தில் ஒரு மீன் தொட்டி. மீன்கள் செத்து வெகுநாளாகியும் யாரும் அதை எடுக்கவில்லை. பிளாஸ்டிக் புதையல் பெட்டி ஒன்று மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவள் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அதில் போட்டாள். அது மூழ்கி, உடனே மேலே வந்து மிதந்தது.

"அடுத்த சம்பள நாள் வரைக்கும் இதுலயே கிடக்கட்டும் சார். வேர் விட்டுச்சுன்னா நான் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

நாத்தனார் போனில் நாள் தவறாமல் நிலவரம் சொன்னாள். முதலில் குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களை இழுத்துப் போக வந்த பெரியவர்களும் நின்றார்கள். மாலையை ஏன் தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாத்தனார் புழுவிலிருந்து கதையை ஆரம்பித்தாள். அவள் இல்லாத நேரத்தில் மேனேஜரே சொல்லத் தொடங்கினார். அவர் வாயில் அந்த விதை ஏழு கடல் தாண்டி வந்தது. தட்டு காலியாக இருக்கும்போதே மிதக்கிற மாலைக்கு ஆட்கள் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

சம்பள நாளன்று மேனேஜர் மீன் வலையால் மாலையை அள்ளினார். முகர்ந்தார், உலுக்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மாலைக்குத் தட்டைத் துடைச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். "ஆனா இதைத் தர மாட்டேன்மா. மீனா இருந்தா தீனி போடணும், தண்ணி மாத்தணும். இதுக்கு அந்த வம்பே இல்ல."

மாலையை மறுபடி தொட்டியில் போட்டார்.

நாத்தனார் மேசைக்குப் பின்னாலிருந்து இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்திக் காட்டினாள். பல்லக்கா வீட்டுக்குப் போகவில்லை. கூடத்து முதலாளி கிளம்புவதற்குள் அரை நாள் வேலையைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று பேருந்து நிறுத்தத்துக்கு எட்டி நடை போட்டாள்.