வளைந்த கத்திரிக்கோல்

அத்தையின் தையல் மிஷின் மேல் இரண்டு கத்திரிக்கோல்கள் கிடக்கும். பெரியது துணிக்கு. நுனி வளைந்த சிறியதை வேறு யாரும் தொடக்கூடாது. அருப்புக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் என் கண் அதைத்தான் முதலில் தேடும்.

மலக்குடலில் புற்றுநோய் என்று மதுரையில் அத்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியோடு ஆசனவாயையும் எடுத்துவிட்டு, பெருங்குடலின் நுனியை இடது வயிற்றில் ஒரு திறப்பு வழியே வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். மலம் இனி அந்த வழியாக, வயிற்றில் ஒட்டிய பைக்குள் வரும். அதே வார்டில், லாரி விபத்தில் குடல் கிழிந்த ஓட்டுநர் ஒருவருக்கும் வைத்திருந்தார்கள், ஆறியதும் மூடிவிடுவார்களாம். ஆசனவாய்த் திறப்பே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் வைப்பதுண்டு என்றார்கள். அத்தைக்கு அது ஆயுளுக்கும்.

வீடு திரும்பிய பின் பை கசிந்தது. சுற்றிலும் தோல் வெந்து புண்ணானது. பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. "நான் வரல. சபையில நாறிப்போச்சுன்னா அந்தப் பிள்ளைக்குத்தான அசிங்கம்" என்று அத்தை படுத்துவிட்டார். "நீ வந்து போடலேன்னா எனக்கு வளையலே வேண்டாம்மா" என்று மகள் போனில் அழுதாள்.

வற்புறுத்தி மறுபடி மதுரைக்கு அழைத்துப்போனேன். செவிலியர் பையைக் கழற்றியபோதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு காயத்தை எதிர்பார்த்திருந்தேன். இருந்தது, கோழிக்கொண்டைப் பூவின் சிவப்பில், ஈரமாக, ஒரு சிறு மொட்டு. மெல்லச் சுருங்கியது, விரிந்தது. தொட்டால் வலிக்காது என்றார் செவிலியர். நம் எல்லோருக்குள்ளும் பிறந்தது முதல் இருட்டில் நடக்கும் வேலை அங்கே வெளிச்சத்தில் நடந்துகொண்டிருந்தது. பத்திரிகை வேலையில், செய்திக்காக எத்தனையோ பார்த்தவள் நான். அன்று இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தேன்.

செவிலியர் பையின் ஒட்டும் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஓட்டைய இம்புட்டுப் பெருசா யாரும்மா வெட்டுனது?"

"நான்தான் சிஸ்டர். பிடிச்சா வலிக்குமேன்னு அரை இஞ்சு லூசு விட்டேன். ரவிக்கைக்கு விடுற பழக்கம்."

"இது என்ன, கையத் தூக்கி எறக்கவா? ஒட்டி, நூலளவு விட்டு வெட்டுங்க. தோலு வெளிய தெரிஞ்சா மோஷன் பட்டு வெந்துதான் போகும். வீக்கம் வத்த வத்த அளவும் மாறும், மறுபடி அளந்துக்கங்க."

"அப்ப இதுக்கும் அளவெடுக்கணுமாக்கும்" என்றார் அத்தை. ஆபரேஷனுக்குப் பின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தகட்டில் வட்டமாக வெட்டுவதற்கென்று, வாசல் மருந்துக்கடையில் அந்த வளைந்த கத்திரிக்கோலை வாங்கினோம்.

வளைகாப்புக்கு அத்தை பஸ்ஸிலேயே வந்தார். முதல் வளையலை மகள் கையில் ஏற்றும்போது, சேலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அதை அடக்க அவரால் முடியாது; அந்தத் திறப்புக்கு அடக்கும் தசை இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை நிமிர்ந்தார்.

"என்ன பாக்குறீக? அதுவும் சேந்து வாழ்த்துதுல்ல!"

முதலில் சிரித்தது மகள்தான். பிறகு வீடே சிரித்தது. அத்தை அடுத்த வளையலை எடுத்தார்.

போன வாரம் போயிருந்தேன். அந்த மகளின் பெண் இப்போது நடக்கிறாள். மிஷினைப் பிடித்து நின்று சின்னக் கத்திரிக்கோலுக்குக் கை நீட்டினாள். "ஏட்டி, அதை வையி. அது அம்மாச்சி வயித்துக்கு உள்ளது" என்று வாங்கி, மேலே வைத்துவிட்டு, அத்தை மிஷினை மிதிக்கத் தொடங்கினார். சேலைக்குள் அந்தச் சிவப்பு மொட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.