வளைவில் திரும்பாத பக்கி

புது ரப்பர் வாசனை... அட்டைப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான்.

எங்கள் கல்யாணத்துக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த கல்லூரி நண்பன் கொடுத்த பரிசு. குத்துவிளக்குகளுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவில் ஒரு ரிமோட் கார்! அதுவும் முழுசாக இல்லை. மோட்டார், ஸ்பிரிங், முள் வைத்த டயர் என்று எல்லாம் தனித்தனியாக. நாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டும். மண்ணிலும் மேடுபள்ளத்திலும் ஓடுகிற வண்டி. இந்த வகைக்குப் பெயர் பக்கி.

"பேரே பக்கிங்களா?" என்று கேட்டாள் கோகிலா. சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். கணபதியில் வாடகை வீடு. கோகிலா கோபிசெட்டிபாளையத்துப் பெண், பி.எஸ்ஸி. பிசிக்ஸ். கல்யாணமாகி மாதங்கள் ஓடியும், "சாப்பாடு போடட்டுங்களா", "போயிட்டு வாரேன்" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயம். கேட்கவும் பயம்.

அதனால் சாயங்காலமெல்லாம் பக்கியோடு உட்கார்ந்துவிடுவேன்.

ஷாக் அப்சார்பருக்கு ஊற்ற ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் வந்திருந்தது. பின்பக்கத்துக்கு ஊற்றியதோடு சரி, கை பட்டுக் கவிழ்ந்து மிச்சமெல்லாம் தரையில். அந்த எண்ணெய்க்கு அன்றைய கோவையில் எங்கே போவது? அலமாரியில் இருந்த தேங்காயெண்ணெயை முன்பக்க ஷாக்கில் ஊற்றி மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சரவணம்பட்டிப் பக்கம், அறுவடை முடிந்த சோளக்காடு. ஆபீஸ் நண்பன் சேவியரிடமும் ஒரு பக்கி இருந்தது. அவன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. கற்களை அடையாளம் வைத்து ரேஸ் விடுவோம். அவன் வண்டி வளைவில் அழகாகத் திரும்பும். என்னுடையது ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாலும் முன் டயரால் மண்ணை வழித்துக்கொண்டு நேராகப் போய் வரப்பில் முட்டும்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். முன் சக்கரங்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருகிவிட்டேன். பேட்டரியை முன்னால் தள்ளிக் கட்டினேன். டயருக்குள் மெத்தை ஃபோம் அடைத்தேன்... ம்ஹூம். ஆனால் ஒரு விசித்திரம். வெயில் ஏறிவிட்டால் வண்டி தானாகவே ஒழுங்காகத் திரும்பும்!

"உன்ற வண்டிக்குத் தூக்கம் தெளியோணுமாட்ட இருக்குது" என்பான் சேவியர்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, "நீயும் வாரியா, அம்மணி?" என்று தயங்கிக் கேட்டேன். வந்தாள். ஸ்கூட்டரில் சாய்ந்தபடி, சால்வையைப் போர்த்திக்கொண்டு, பக்கி வரப்பில் முட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாக வந்து வண்டியின் பக்கத்தில் குந்தினாள். பின்பக்கத்தை விரலால் அழுத்தினாள். அமுங்கி எழுந்தது. முன்பக்கத்தை அழுத்தினாள். கட்டை மாதிரி நின்றது.

"ஏனுங்க... முன்னால அமுங்கவே மாட்டேங்குதுங்களே. உள்ள என்னங்க ஊத்துனீங்க?"

"தேங்காண்ணெய்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"காத்தால தலைக்கு வெக்கவே நான் பாட்டல வெய்யில்ல வெச்சு உருக்கறனுங்க. இந்தக் குளுருக்கு இதுக்குள்ளயும் உறைஞ்சுதானுங்க கெடக்கும். சக்கரம் மேடுபள்ளத்துக்கு ஏறி எறங்குனாத்தானுங்களே மண்ணப் புடிக்கும்?"

சேவியர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வேலியிலிருந்த காக்கைகள் பறந்தன. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் கோகிலாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்... சால்வையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல். அவள் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். நானும் சிரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சமையலறை லேப் ஆகிவிட்டது. விளக்கெண்ணெயில் தையல் மிஷின் எண்ணெயைக் கலந்து டம்ளரில் ஊற்றி, அதற்குள் ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டைப் போட்டு, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்தாள்.

"காலேஜ்ல இப்படித்தானுங்க செய்வோம். இன்னுங்கொஞ்சம் தண்ணியா இருக்கோணுமுங்க."

அந்தக் கலவையை முன்பக்க ஷாக்கில் ஊற்றியதும், அடுத்த ஞாயிறு பக்கி திரும்பியது. ரொம்பவே திரும்பியது... பின்பக்கம் சறுக்கிப் பம்பரமாகச் சுற்றிவிட்டது! இருவரும் மண்ணில் குந்தி, தலையோடு தலை முட்டிக்கொண்டு, பேட்டரியை ஒரு விரல்கடை பின்னால் தள்ளினோம். வண்டி வளைவைக் கவ்விக்கொண்டு ஓடியது. ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சேவியரையே முந்திவிட்டாள்.

"சிஸ்டர், அடுத்த வாரம் என்ற வண்டியையும் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றான் அவன்.

திரும்பி வரும்போது, ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். "நான் எம்.எஸ்ஸி. சேரலாம்னு இருந்தனுங்க. அதுக்குள்ள கல்யாணத்த வெச்சுப்போட்டாங்க."

இத்தனை நாள் மௌனத்துக்குள் இருந்தது இதுதானா! வீடு வந்து சேர்ந்தோம். ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கேட்டேன். "இப்பச் சேந்தா ஆகாதா, கண்ணு?"

அவள் கண் கலங்கியது.

ஜூனில் சேர்ந்தாள். பிறகு ஒரு கல்லூரியில் லெக்சரர். பரீட்சை, குழந்தை, வேலை என்று வந்ததும் பக்கி பரணுக்குப் போனது. ஒரு வீடு மாற்றலில் எங்கேயோ தொலைந்தும் போனது.

இப்போது அந்தச் சோளக்காட்டில் கண்ணாடிக் கட்டிடம் நிற்கிறது. எந்த வண்டிக்கும் எந்த எண்ணெயையும் போனில் சொன்னால் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் ஆளுக்கொரு போனோடு சோபாவின் இரண்டு முனைகளில்...

போன வாரம் அவளிடம் கேட்டேன். "இன்னொரு பக்கி வாங்கலாமா? பழையபடி ரெண்டு பேரும் மண்ணுல குந்தி ரிப்பேர் பாக்கலாம்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"வாங்கலாமுங்க. குந்துனா எந்திரிக்க முடியுமுங்களா?"