சீட்டில் இருந்த ‘ஐடிஸ்’

ஆயிரத்தித் தொள்ளாயிரத்து நாப்பதுகள்ல, எனக்குக் கல்யாணமாகி மூணாவது வருஷம், எங்க வூட்டுக்காரருக்கு வலது அடிவயித்துல வலி வந்துச்சு. கூடவே காய்ச்சல், வாந்தி. மாமியார் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. வயித்துவலிக்குக் குடல் தட்டி எடுக்குறதுக்கு எங்கப்பாவை விட்டா சுத்துப்பட்டுல ஆள் கிடையாது. செந்துறைப் பக்கமிருந்தெல்லாம் தேடி வருவாங்க. வயித்துல விளக்கெண்ணெய் தடவி நீவி விட்டார்னா, சுருண்டு கிடந்தவங்க எந்திரிச்சு நடப்பாங்க. அவரு மருமகனுக்கு ஆஸ்பத்திரியா?

டாக்டர் பார்த்துட்டு அப்பெண்டிசைடிஸ்னு சீட்டு எழுதினார். அடுத்த ரயில்லயே திருச்சிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணணும்னுட்டார். வயித்தைக் கிழிக்கிறதாவது! எங்கப்பாகிட்டதான் கூட்டிட்டுப் போவேன்னு கத்திட்டேன்.

அங்க இருந்த நர்சம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கோவிச்சுக்கல. பக்கத்துல உக்காந்து, அந்தப் பேரோட கடைசியில வர்ற ‘ஐடிஸ்’ கிரேக்கச் சொல்லுன்னாங்க. ஆதியில ‘அதைச் சேர்ந்தது’ன்னு மட்டுந்தான் அர்த்தமாம். நோய்ங்கிற சொல்லோட சேர்ந்தே வந்து வந்து, அழற்சிக்குன்னே ஆயிடுச்சாம். எந்த உறுப்போட பேருக்குப் பின்னாடி அது வந்தாலும், அந்த இடம் வீங்கிக் கொதிக்குதுன்னு அர்த்தமாம். இவருக்குக் குடலோரத்துல இருக்கிற சின்னப் பை அப்படி ஆயிருக்கு, நீவினா உடைஞ்சுடும்னாங்க. நான் அசையல.

அப்பதான் நர்சம்மா மாமியாரோட வீங்கின முட்டியைப் பார்த்தாங்க. "இதுவும் ஆர்த்ரைடிஸ்தாம்மா. ஆர்த்ரோன்னா மூட்டு. இங்கயும் அதே ஐடிஸ்தான்."

மாமியாருக்குப் பட்டுன்னு புரிஞ்சுபோச்சு. "இதுல ஒரு விரல் பட்டாலே எனக்கு உசுரு போவுது. எம் புள்ளை வயித்தையா நீவணும்ங்கிற?"

அவரைக் கூட்டிக்கிட்டு ரயில் ஏறினேன். திருச்சி டாக்டர், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தாலோ, யாராச்சும் தேய்ச்சிருந்தாலோ ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்னார். எத்தனையோ படிச்சவங்களைப் பார்த்திருக்கேன். தெரிஞ்சதை இவ்வளவு தன்மையா அடுத்தவங்களுக்கு எட்ட வச்சவங்க அந்த நர்சம்மா ஒருத்தருதான். அவங்களை நெனச்சா இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோணும்.

ஆபரேஷன் முடிஞ்ச நாலாம் நாள் அப்பா திருச்சிக்குப் பார்க்க வந்தார். நர்சம்மா சொன்னதையெல்லாம் பயந்துகிட்டே சொன்னேன். கோவப்படுவார்னு நெனச்சேன். வலி எந்தப் பக்கம், காய்ச்சல் இருந்துச்சான்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் ரொம்ப மெதுவா சொன்னார்.

"இப்படிக் காய்ச்சலோட வந்து, நான் நீவி அனுப்புன சில பேரு திரும்பி வரவே இல்லம்மா. சொகமாயிடுச்சுன்னுல்ல நெனச்சிருந்தேன்."