வலிக்காத இடம்

பாப்பிரெட்டிப்பட்டிக் கல்யாணத்துக்குப் போன என் அக்கா ஆரோக்கியமேரி இறந்துவிட்டார் என்ற செய்தியைச் சித்தப்பாதான் பஸ்ஸில் வந்து சொன்னார். பரீட்சைக்காக நான் மட்டும் வீட்டில் இருந்தேன். "ஏதோ மயக்கமாம் கண்ணு" என்றார்.

கோயிலில் காய்ச்சல் என்று அறிவித்தார்கள். காய்ச்சல் இல்லை. பள்ளியில் படிக்கும்போதே அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. முப்பதாம் நாள் பூசைக்கு வரும் உங்களுக்கு வாசித்துக் காட்ட, எல்லோரும் உறங்கியபின் பயந்துகொண்டே இதை எழுதுகிறேன்.

தினமும் காலையில் அக்கா இன்சுலின் போடும் கண்ணாடி ஊசியைச் சின்னச் சட்டியில் கொதிக்க வைப்பார். "ரசம் கொதிக்குது, யாருக்கு வேணுங்க?" என்று கூவுவார்.

"வாய மூடுடி, பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்" என்பார் அம்மா.

கையில் போட அம்மா விட்டதே இல்லை. சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் சதை கரைந்து குழி விழும். "பொண்ணு பாக்க வர்றவங்க கையத்தானே பாப்பாங்க?" என்பது அம்மாவின் கவலை. அதனால் வலது தொடையில், எப்போதும் ஒரே இடம். அங்கே குழி விழவில்லை; சதை தடித்துப் பன் போல உப்பியது. "இலவம்பஞ்சு மெத்தைடி, குத்தினா தெரியறதே இல்ல" என்று அக்கா சிரிப்பார். வலிக்காத அந்த இடத்தை அவர் விடவில்லை. ஆனால் சிறுநீரைச் சோதிக்கும் நீல மருந்து கொதித்ததும் செங்கல் நிறமாகிவிடும்; சர்க்கரை குறையவில்லை என்று அர்த்தம். ஊசி மருந்தின் அளவு கூடிக்கொண்டே போயிற்று.

போன வருஷம் எனக்கும் அதே வியாதி வந்தது. நான் அழுதேன். "அழாதடி. இனிமே சட்டியில ரெண்டு ஊசி வேகட்டும். எனக்கும் தொணையாச்சு" என்றார் அக்கா.

கல்யாணத்துக்குப் புறப்படுமுன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா அந்தத் தடிப்பைத் தொட்டுப் பார்த்து, "இதுல மருந்து சரியா எறங்காது. டாக்டரக் கேட்டு எடத்த மாத்து" என்றாராம். அக்கா டாக்டருக்காகக் காத்திருக்கவில்லை. கல்யாண வீட்டில் பழைய அளவையே கையில் போட்டுக்கொண்டார். மருந்து முழுவதும் இறங்கியது. பந்தியும் தாமதம். சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, வேர்த்து, நடுங்கிச் சாய்ந்தார். யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "ஐயோ, அவளுக்கு இனிப்பு ஆவாதுங்க!" என்று அம்மா டம்ளரைத் தள்ளிவிட்டார்.

அந்தத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னபோது, அடக்கத்துக்குப் பிறகு என்னைக் காட்டக் கூட்டிப்போயிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். எனக்கு ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, அளவும் எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா, "உங்கம்மாகிட்ட சொல்லிராத கண்ணு. உசுர வுட்டுருவா" என்றார்.

ஆனால் அம்மா வீட்டிலிருந்த வெல்லம், சர்க்கரை எல்லாவற்றையும் எனக்கு எட்டாமல் பரண்மேல் ஏற்றிவிட்டார். நேற்றுப் பள்ளியிலிருந்து வந்ததும் என் கை நடுங்கியது. அம்மாவிடம் சொல்லப் பயந்து, கஞ்சியை அவசரமாகக் குடித்தேன்.

யாரும் சொல்லித்தராததை அம்மா எப்படி அறிவார்? அவர் தள்ளியது பாசத்தால்தான். இதை உங்களுக்கு வாசிக்குமுன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். விடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு வேர்த்து நடுங்கினா வாயில சர்க்கரையப் போடும்மா" என்பேன். ஏன் என்று கேட்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

போய் வாருங்கள் அக்கா. நான் இன்னும் கொஞ்ச காலம் அம்மாவோடு இருக்கிறேன்.