சந்திரமௌலி அணைக்காத கற்பூரம்

கோர்படி ரயில்வே காலனியில் யாருக்கு ஈரல் வீங்கினாலும் காரணம் ஒன்றுதான்: குடி. இந்த விஷயத்தில் டாக்டரும் அங்கே குடியேறிய எங்கள் தமிழ் ஜனமும் ஒரே கட்சி. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் சந்திரமௌலிக்கு வலது விலாவின் கீழே கல்லாட்டம் கெட்டிப்பட்டு, உடம்பு இளைத்து, கால் வீங்கியபோது தெருமுனை டாக்டர் இந்தியில் கேட்ட முதல் கேள்வியே, தினமும் எவ்வளவு குடிக்கிறாய் என்பதுதான்.

காபிகூடத் தொடாத மனுஷன். காலனியிலிருந்து சபரிமலை போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் குருசாமி. இருமுடி கட்டுவது அவர் கைதான். 2003 கார்த்திகையில் அந்தக் கை வேண்டாம் என்றார்கள். "கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க, அப்புறம் கட்டுங்க" என்றார் பஜனைக் குழுத் தலைவர் அருணாச்சலம்.

"உங்களுக்கெல்லாம் மாலை போட்டுவிட்டவன் நானு. என்னையே சத்தியம் கேக்கறீங்களா?" என்று துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார் சந்திரமௌலி.

வெறும் வீம்பு. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கற்பூரத்தைத் தொடாதவன் குடித்தவன், அவ்வளவுதான். மனைவி பவுனும் அவர் சட்டையை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். அதை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

கண் மஞ்சளான பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. தொப்புளருகே ஊசியால் கொஞ்சம் கொழுப்பை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் கோதை தமிழ்க்காரர். "இதுக்குப் பேர் அமிலாய்டோசிஸ். உடம்பே ஒரு புரதத்தைத் தப்பாச் செஞ்சு, அது ஈரல்லயும் கிட்னியிலயும் படிஞ்சிருக்கு. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. மருந்து குடுத்துப் பார்க்கலாம், ஆனா ரொம்ப முத்திப்போச்சு" என்றார்.

கடைசியில் சொன்னது சந்திரமௌலியின் காதில் ஏறவே இல்லை. "கேட்டியா பவுனு?" என்றார், பரீட்சையில் பாஸானவர்போல. பவுன் அழுதாள்.

அன்று சாயங்காலம் பஜனை நடுவே பவுன் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினாள். "எம்புருசன் ஒரு சொட்டு குடிச்சதில்ல" என்று சொல்லிக் கையை மூடி அணைத்தாள். மறுநாளே அருணாச்சலம் வீட்டுக்கு வந்து, மகரவிளக்குக்கு நீங்கதான் கட்டணும் சாமி என்று காலில் விழுந்தார். சந்திரமௌலியால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

அருணாச்சலம் போன பிறகு, கொப்புளம் போட்ட பவுனின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"டாக்டரம்மா சொன்னப்புறம் யார் வேணா அணைப்பாங்க பவுனு. நான் சொன்னப்பவே நீ நம்பியிருக்கலாம்."

கொப்புளம் ஆறுவதற்குள் அவர் போய்விட்டார்.