போத்தனூரில் தவறவிட்ட ரயில்

நான்கு வருடங்கள் என் ஒரே மகள் ஜெசியோடு நான் பேசவில்லை. பிரியமானவர்களே, இந்த வெட்கத்தை முதலில் சொன்னால்தான் ஆண்டவர் செய்ததைச் சொல்ல முடியும். நான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று, கூட வேலை பார்த்த டேவிட்டைக் கட்டிக்கொண்டு காட்பாடிக்குப் போய்விட்டாள். கணவர் இறந்தபின் பீளமேட்டில் மில் வேலைக்குப் போய் அவளை ஆளாக்கியவள் நான். "செத்தாலும் அவ ஊட்டுப் படிய மிதிக்க மாட்டனுங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

1997, தை மாதம். அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி ஆராதனையில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். "நீங்கள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும் அம்மா. இதற்கும் வராவிட்டால் இனி எழுத மாட்டேன்." உள்ளே ரயில் டிக்கெட். காலை ஒன்பது மணி வண்டிக்குப் போத்தனூரில் ஏறுங்கள் என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறந்ததிலிருந்து கோயம்புத்தூர்க்காரி, எனக்கே வழி சொல்கிறாளா? இவ்வளவு பெரிய ஜங்ஷனை விட்டுவிட்டு எந்த ரயில் ஓரமாகப் போகும்? போகிற விஷயம் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று டிக்கெட்டை யாரிடமும் காட்டவும் இல்லை. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, எட்டரைக்கு ஜங்ஷனில் போய் மிடுக்காக நின்றேன்.

போர்ட்டர் ஒருவர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இந்த வண்டி இங்க வராதுங்களே. போத்தனூரோட போயிரும்ங்க."

போத்தனூருக்கு ஆட்டோவில் போகும்போது, "ஆண்டவரே, அந்த ரயிலை ஐந்து நிமிடம் பிடித்து வையும்" என்று கத்தியே ஜெபித்தேன். அவர் பிடித்து வைக்கவில்லை. நான் நடைமேடைக்கு வந்தபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நான்கு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை. "தகப்பனே, என் வீம்பால் கெட்டேன். நேரத்துக்குப் போக வேண்டும் என்றுகூட இனிக் கேட்கவில்லை. என் பிள்ளையிடம் என்னைச் சேர்த்துவிடும்." நான்கு வருடத்தில் என் வீம்பை ஒத்துக்கொண்டு செய்த முதல் ஜெபம் அதுதான்.

இரண்டரை மணி நேரம் கழித்து அடுத்த வண்டி. புதிதாக டிக்கெட் எடுத்து முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினேன். கால் வைக்க இடமில்லை. சேலம் வரை நின்றே வந்தேன். சேலத்தில் ஒரு அம்மா, "நகர்ந்துக்கறனுங்க, உக்காருங்க" என்று பாதி இடம் கொடுத்தார். கச்சாயத்தில் பாதி அந்தப் பெட்டிக்கே போய்விட்டது.

காட்பாடியில் இறங்கும்போது மணி ஆறரை. எல்லாம் முடிந்திருக்கும், எந்த முகத்தோடு போவது? திரும்பிப் போக வண்டி எப்போது என்று விசாரிக்கவே கிளம்பிவிட்டேன். யாரோ என் பையைப் பிடித்தார்கள். டேவிட். மூன்று மணியிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"வாங்க அத்தை. நீங்க வராம ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஜெசி ஒரே பிடிவாதம். போதகர் ஐயர் ஆராதனையை முடிச்சிட்டு, எல்லாரையும் உக்கார வெச்சுப் பாட்டுப் பாடிட்டு இருக்கார்."

பிடிவாதத்தில் தான் யாருடைய பிள்ளை என்று காட்டிவிட்டாள்! இந்தத் தங்கமான மனிதரையா நான்கு வருடம் வேண்டாமென்றேன்?

கசங்கிய சேலையும் கரிபடிந்த முகமுமாகக் கோயிலுக்குள் நுழைந்தேன். ஜெசி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சபையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "எங்கம்மா வந்துட்டாங்க!"

அந்தக் குரலில் எவ்வளவு பெருமை! என்னைப் போய் இவ்வளவு பெருமையாகச் சொல்ல ஒருத்தி இருக்கிறாளே என்று நெஞ்சு விம்மியது. பேரனை வாங்கி ஞானஸ்நானத் தொட்டியருகே பிடித்தேன். நெற்றியில் தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழுதான். நானும்தான்.

அன்று முதல் ஊர் கேட்க நான் சபதம் போடுவதில்லை. மாப்பிள்ளை டேவிட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மில்லே சலித்துப்போகும் அளவுக்குச் சொல்வேன். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம். உங்களில் யாராவது பிள்ளையோடு பேசாமல் இருந்தால், நேரமாகிவிட்டது என்று மட்டும் திரும்பிவிடாதீர்கள். ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே உங்களுக்காக ஒருத்தி பாட்டை முடிக்க விடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.